ப்ரொமிதியஸ்: "படம் சூப்பர் சார், ஆனா ஒண்ணும் புரியல"

போன இதழ்ல ரிட்லி ஸ்காட்டோட 'ப்ரொமிதியஸ்' (2012) படத்தைப் பத்தி போற போக்குல நாலு வரி எழுதியிருந்தேன், கண்ணுக்கு இந்த அளவு விருந்து வச்ச சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் ரொம்ப கம்மின்னு, அவ்ளோதான் சொன்னேன். அதுக்குப் போய் கேள்வியா வந்து குவிஞ்சிருக்கு. பாதிப் பேர் "எனக்கும் ரொம்பப் பிடிக்கும்"ங்கறாங்க, மீதிப் பேர் "அந்தப் படத்தையா சார் தூக்கி வைக்கிறீங்க"ன்னு சண்டைக்கு வர்றாங்க. சரி, இந்தத் தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். படம் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, எதையும் மறைக்கப் போறதில்ல.

கேள்வி (கோயம்புத்தூர்): நான் இன்னும் பாக்கல, பாக்கற ஐடியாவும் இல்ல, ஆனா ஆபீஸ்ல எல்லாரும் பேசறாங்க. கதை என்ன சார்?

பாக்காமலே பேசணும், அதானே. சொல்றேன். 2089ல ஸ்காட்லாந்துல ஸ்கை தீவுல ஒரு குகை, அதுக்குள்ள ரொம்பப் பழைய ஓவியம். ஒரு பெரிய ஆளு நின்னுக்கிட்டு மேல இருக்கற சில புள்ளிகளைக் கை காட்டறான். எகிப்து, மாயா, சுமேரியான்னு ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாத இடங்கள்லயும் இதே ஓவியம் கிடைச்சிருக்கு. எலிசபெத் ஷா, சார்லி ஹாலவேன்னு ரெண்டு தொல்லியல் ஆராய்ச்சியாளர்கள், ஜோடி வேற, "இது நம்மளைப் படைச்சவங்க விட்டுட்டுப் போன அழைப்பிதழ்"னு முடிவு பண்றாங்க. பீட்டர் வெய்லண்ட்ங்கற கோடீஸ்வரர் காசு போடறாரு, 17 பேர் கப்பல் ஏறி 2093 கடைசியில எல்வி-223ங்கற நிலாவுல போய் இறங்கறாங்க. படைச்சவங்களுக்கு இவங்க வச்ச பேரு 'இன்ஜினியர்ஸ்' (நம்ம ஊர்ல அது வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, அதை விட்ருவோம்). போய்ப் பாத்தா எல்லாரும் ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே செத்துக் கிடக்கறாங்க, ஒருத்தன் மட்டும் பெட்டிக்குள்ள தூங்கறான், எழுப்பினா அடிச்சுக் கொல்றான், அவன் கப்பல் முழுக்க ஜாடி ஜாடியா ஒரு கருப்புத் திரவம், அதை ஏத்திக்கிட்டு அவன் கிளம்ப இருந்தது பூமிக்கு. கேப்டன் தன்னோட கப்பலைக் கொண்டுபோய் அதுமேல மோதித் தடுக்கறாரு. ஷாவும், தலை தனியா உடம்பு தனியா ஆகிப்போன டேவிட்ங்கற ரோபோவும் மிச்சம், அவங்க இன்னொரு கப்பலை எடுத்துக்கிட்டு "எங்களை ஏன் படைச்சீங்க, அப்புறம் ஏன் அழிக்க நினைச்சீங்க"ன்னு கேக்க இன்ஜினியருங்க ஊரைத் தேடிப் போறாங்க. படம் முடிஞ்சுது. ஆமா, கேள்விக்குப் பதில் இல்லாமயே முடிஞ்சுது.

கேள்வி (தஞ்சாவூர்): ஆரம்பத்துல ஒரு வெள்ளை வெளேர்னு மொட்டைத்தலை ஆளு அருவிக்கரையில நின்னு எதையோ குடிச்சுட்டு செத்துப் போறானே, யார் அவன், எதுக்கு சாகறான், அது பூமியா?

அந்த சீனுக்கு மட்டுமே டிக்கெட் காசு போதும்னு சொல்ற ஆளு நான். ஐஸ்லாந்துல டெட்டிஃபாஸ்னு ஒரு அருவி இருக்கு, சுமார் 44 மீட்டர் உயரம், 100 மீட்டர் அகலம், பனிப்பாறை உருகி வர்ற தண்ணி அதனால சாம்பல் கலர்ல கலங்கலா கொட்டும். அதோட விளிம்புல அந்த ஆளு துணியைக் கழட்டிப் போட்டுட்டு நிக்கறான், மேல ஒரு பெரிய கப்பல் அவனை விட்டுட்டு மெதுவா கிளம்புது, கையில சின்னக் கிண்ணம், உள்ள கருப்பா ஏதோ நெளியுது. குடிச்சதும் தோலுக்குக் கீழ நரம்பெல்லாம் கருப்பா ஓடுது, கேமரா அப்படியே உள்ள போய் டிஎன்ஏ ஏணி கருகி உடையறதைக் காட்டுது, அவன் தண்ணில விழறான், உடம்பு கரையுது, அந்தத் துணுக்குங்க தண்ணிக்குள்ள மறுபடி ஒண்ணு சேர்ந்து புது செல்லா பிரியுது. ஒரு வார்த்தை பேசலை யாரும்.

அதாவது தன் உடம்பையே விதையாப் போட்டு ஒரு கிரகத்துல உயிரை ஆரம்பிச்சு வைக்கிறான், தியாகம். பூமியான்னு கேட்டா, அது எந்தக் கிரகமா வேணா இருக்கலாம்னு ஸ்காட்டே பேட்டியில சொல்லிட்டாரு. முதல்ல எடுத்தப்ப இந்த சீன்ல இன்னும் சில வயசான இன்ஜினியருங்க கூட நின்னு கிண்ணத்தைக் குடுத்து சடங்கு மாதிரி வழியனுப்பறதா இருந்துச்சு, ப்ளூ-ரேல அந்தப் பகுதி இருக்கு. வெட்டினது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். ஒத்தை ஆளா நிக்கறப்போ இருக்கற கனம், கூட்டத்தோட நின்னா வராது.

கேள்வி (நாகர்கோவில்): எல்லாம் சரி சார், படைச்சவன் ஏன் அழிக்க வர்றான்? இதைச் சொல்லாம விட்டது ஏமாத்து வேலை இல்லையா? ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தவன் என்ன முட்டாளா?

கோவம் புரியுது. வந்த கேள்விகள்ல கிட்டத்தட்ட பாதி இதேதான், வேற வேற கெட்ட வார்த்தையோட.

ரெண்டு விஷயம் சொல்றேன். முதல் விஷயம், படத்துக்குள்ள ஒரு தேதிக்கணக்கு ஒளிஞ்சிருக்கு. செத்துக் கிடக்கற இன்ஜினியர் தலையை எடுத்துச் சோதிச்சா ரெண்டாயிரம் வருஷப் பழசுங்கறாங்க. கப்பல் போய் இறங்கறது கிறிஸ்துமஸ் சமயம், கேப்டன் ஜானெக் எழுந்ததும் முதல் வேலையா ஒரு குட்டி கிறிஸ்துமஸ் மரத்தை வச்சு அலங்காரம் பண்றாரு. ஷா கழுத்துல சிலுவை, படம் முழுக்க அந்த சிலுவையைக் கழட்டறதும் திரும்ப வாங்கறதும்தான் அவளோட கதை. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி பூமியில என்ன நடந்துச்சு? இன்ஜினியருங்க நம்மளைத் திருத்த ஒரு ஆளை அனுப்பினாங்க, நாம அவரை சிலுவையில அறைஞ்சுட்டோம், அதனால கோவம், இப்படி ஒரு ஐடியா ஸ்கிரிப்ட் எழுதறப்போ ஓடிச்சு, ரொம்ப வெளிப்படையா இருக்குன்னு விட்டுட்டோம்னு ஸ்காட் பின்னாடி சொன்னாரு. ஐடியாவைத் தூக்கிட்டாங்க, அதோட தடம் மட்டும் படத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. பாக்கறவங்களுக்கு ஏதோ இருக்கே ஆனா கைக்கு வரலையேன்னு தோணறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். பதில் படத்துலயே இருக்கு, ஆனா இன்ஜினியர் வாயிலிருந்து வரல. நடுவுல ஒரு சீன். ஹாலவே சோர்ந்து போய் பில்லியர்ட்ஸ் டேபிள் பக்கத்துல தனியா குடிச்சுக்கிட்டு இருக்கான், படைச்சவங்க எல்லாம் செத்துட்டாங்க, கேள்வி கேக்க ஆளில்லைங்கற வருத்தம். டேவிட் வந்து நிக்கறான். பேச்சுவாக்குல கேக்கறான், மனுஷங்க ஏன் என்னைச் செஞ்சீங்கன்னு நினைக்கறீங்க? ஹாலவே அலட்சியமா சொல்றான், எங்களால முடிஞ்சது, செஞ்சோம். டேவிட் முகம் மாறாம திருப்பிக் கேக்கறான், இதே பதிலை உங்களைப் படைச்சவன் உங்க கிட்ட சொன்னா உங்களுக்கு எவ்வளவு ஏமாற்றமா இருக்கும்? ஹாலவே சிரிக்கறான், ரோபோவுக்கு ஏமாற்றம்லாம் கிடையாது நல்லவேளைங்கறான். அப்புறம் டேவிட் அந்தக் கருப்புத் திரவத்தை விரல் நுனியில ஒரே ஒரு சொட்டு எடுத்து அவன் கிளாஸ்ல விடறான். அதுக்கு முன்னாடி மரியாதையா அனுமதியும் கேட்டுக்கறான், உங்க பதிலுக்காக எதுவரைக்கும் போவீங்கன்னு, எதுவரைக்கும் வேணா போவேன்னு இவன் சொன்னதுக்கப்புறம்தான் சொட்டு விழுது.

இதுக்கு மேல என்னங்க பதில் வேணும்? ஏன் படைச்சீங்கன்னா முடிஞ்சது செஞ்சோம், ஏன் அழிக்கறீங்கன்னாலும் அதே லட்சணத்துல ஒரு பதில்தான் இருக்கும். படைச்சவன் பெரிய காரணத்தோட இருப்பான்னு ஷா நம்பறா, படைச்சவனை தினம் பக்கத்துலயே பாத்துக்கிட்டு இருக்கற டேவிட்டுக்கு அந்த நம்பிக்கை வர வாய்ப்பே இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் படத்தோட மையமே இந்த ரெண்டு நிமிஷம்தான். ஆனா முதல் தடவை பாக்கறப்போ இது சும்மா வில்லன் விஷம் வைக்கிற சீனா கடந்து போயிடும், ஏன்னா நாம எல்லாரும் அந்தப் பெரிய ஆளு எப்போ எழுந்து வாயைத் திறப்பான்னு காத்துக்கிட்டு இருக்கோம்.

கேள்வி (காரைக்குடி): அந்தப் பெரிய ஆளு எழுந்ததும் டேவிட் அவன்கிட்ட ஏதோ பேசறான், சப்டைட்டில் போடல. என்ன சொன்னான்? சமஸ்கிருதமா? தமிழ்னு கூட ஒரு வீடியோல சொன்னாங்க.

தமிழ் இல்லீங்க, அந்த வீடியோவை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாத்துக்கும் மூலமா ஒரு மொழி இருந்திருக்கணும்னு மொழியியல்காரங்க பின்னோக்கிக் கட்டி எழுப்பின ஒண்ணு இருக்கு, ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழின்னு. தமிழ் திராவிடக் குடும்பம், அதுக்கும் இதுக்கும் ஒட்டில்ல. படத்துக்காக லண்டன்ல இருந்த அனில் பில்டூங்கற மொழியியல் ஆசிரியர் இதைச் செஞ்சு குடுத்தாரு, கப்பல்ல டேவிட்டுக்குப் பாடம் எடுக்கற வாத்தியாரா திரையிலயும் வர்றது அவரேதான். டேவிட் அங்க சொல்லிப் பாக்கறது ஷ்லைஷர்னு ஒரு ஜெர்மன் அறிஞர் 1868ல அந்த மொழியில எழுதிப் பாத்த செம்மறியாடும் குதிரைகளும் கதை.

டேவிட் சொன்னதோட சாரம், இந்த மனுஷன் (கப்பல்ல ஒளிஞ்சு வந்த கிழவர் வெய்லண்ட்) சாக விரும்பல அதனால வந்திருக்காரு, உங்களால இவருக்கு ஆயுசு கூட்டித் தர முடியும்னு நம்பறாரு, அப்படிங்கறதுதான்னு பில்டூ பின்னாடி சொன்னாரு. இன்ஜினியர் டேவிட் தலையைத் தடவிக் குடுக்கறான், பாசமாவே, அடுத்த செகண்ட் பிடுங்கி எடுத்துடறான், அதே தலையால வெய்லண்டை ஒரு போடு. வெட்டப்பட்ட காட்சியில இன்ஜினியர் திருப்பிப் பேசவும் செய்யறான், நீளமான சீன் அது, ப்ளூ-ரேல பாத்தேன். பேசாம இருந்தப்போதான் பயமா இருந்தான், பேச ஆரம்பிச்சதும் ஏதோ மீட்டிங் மாதிரி ஆயிடுச்சு.

கேள்வி (சேலம்): மேப் போடற ஆளே வழி தெரியாம தொலையறான், பயாலஜிஸ்ட் பாம்பைக் கொஞ்சறான், ஹெல்மெட்டைக் கழட்டறாங்க, உருண்டு வர்ற கப்பலுக்கு முன்னாடி நேரா ஓடறாங்க. இவங்களையா கோடி கோடியா செலவு பண்ணி அனுப்பினாங்க?

இந்தக் கேள்விக்கு நான் படத்துக்கு வக்கீலா நிக்க மாட்டேன். ஒவ்வொண்ணும் உண்மை.

ஃபைஃபீல்ட்னு ஒருத்தன், மண்டையில மொஹாக் வெட்டு, சுரங்கத்துக்குள்ள பறந்து பறந்து மேப் போடற குட்டி உருண்டைங்களை ஓநாய் மாதிரி ஊளையிட்டு பறக்க விடற ஆளே அவன்தான், அந்த மேப் கப்பல்ல மேஜை மேல ஜம்முனு முப்பரிமாணத்துல நிக்குது, கேப்டன் ரேடியோல கூப்பிடற தூரத்துல இருக்காரு, அப்படியும் வழி தெரியாம ராத்திரி பூரா உள்ளயே மாட்டிக்கறான். கூட இருக்கற மில்பர்ன் உயிரியல்காரன், செத்த உடம்பைப் பாத்து பயந்து ஓடினவன், ஆனா கருப்புத் தண்ணியிலிருந்து நாகப்பாம்பு மாதிரி படம் எடுத்து ஒண்ணு சீறினா அதைக் குழந்தையைக் கொஞ்சற மாதிரி கொஞ்சி கையை நீட்டறான். பயந்தவன் எதுக்கு பயப்படணுமோ அதுக்குப் பயப்படல, அவ்ளோதான் எழுத்து. ஹெல்மெட் விஷயம் 2012ல ஏதோ ஹீரோயிசம் மாதிரி போயிடுச்சு, கொரோனாவுக்கு அப்புறம் பாக்கறவங்களுக்கு அந்த சீன்ல பதறுது. ஹாலவே காத்து சுத்தமா இருக்குன்னு மீட்டரைப் பாத்துக் கழட்டறான், சரி, கிருமி இருக்கான்னு எந்த மீட்டர் சொல்லிச்சு?

கப்பல் உருண்டு வர்ற சீன், பக்கவாட்டுல பத்தடி நகர்ந்தா போதும், ஷாவும், பயணத்தை மேற்பார்வை பாக்க வந்த விக்கர்ஸும் ரோடு ரோலர் முன்னாடி ஓடற மாதிரி நேரா ஓடிக்கிட்டே இருக்காங்க. விக்கர்ஸா நடிச்ச சார்லீஸ் தெரோன் மாதிரி ஒரு நடிகையை அப்படி நசுக்கி அனுப்பினது எனக்கு இன்னும் ஆறல.

இங்க ஒண்ணைப் பிரிச்சுப் பாக்கணும்னு நினைக்கறேன். படைச்சவன் ஏன் கோவப்பட்டான்ங்கறது திறந்து விட்ட கேள்வி, அதை எத்தனை வருஷம் வேணா பேசலாம். மேப்காரன் ஏன் தொலைஞ்சான்ங்கறதைப் பத்தி யாரும் டீக்கடையில உக்காந்து பேசப் போறதில்ல, அது எழுதினவங்க சோம்பேறித்தனம். ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி "ஒண்ணும் புரியல"ன்னு தூக்கிப் போடறதுலதான் படத்துக்கு அநியாயம் நடக்குது, அதுக்கு வழி பண்ணினதும் படம்தான்.

கேள்வி (திருநெல்வேலி): அந்தக் கருப்புத் திரவம் ஒருத்தனைக் கரைக்குது, ஒருத்தனை பேயாக்குது, புழுவை பாம்பாக்குது, ஷாவுக்கு வயித்துல குட்டி. ஏதாவது ரூல் உண்டா?

இல்ல. இருக்கறதா ரசிகர்கள் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, படத்துல இல்ல. ஜான் ஸ்பைட்ஸ் எழுதின முதல் ஸ்கிரிப்ட் நேரடியா 1979 'ஏலியன்' படத்துக்கு முன்கதை, பழைய முட்டை பழைய பூச்சி எல்லாம் அதுல உண்டு. அந்த வாடை குறையணும்னு டேமன் லிண்டலாஃபைக் கூப்பிட்டு மாத்தி எழுத வச்சாங்க. படம் வந்தப்போ அவர் எழுதின 'லாஸ்ட்' சீரியல் முடிஞ்சு ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, அந்த சீரியல் முடிவுல காண்டானவங்க எல்லாம் அவர் பேரைப் பாத்ததும் "புரிஞ்சு போச்சு"ன்னுட்டாங்க. முட்டை போச்சு, கருப்புத் திரவம் வந்துச்சு, கதைக்கு எப்போ என்ன வேணுமோ அப்போ அதைச் செய்யும்.

கேள்வி (மதுரை): ஷா தனக்குத்தானே ஆபரேஷன் பண்ணிக்கற மெஷின் "ஆண்களுக்கு மட்டும்"னு சொல்லுது. ஆனா அது இருக்கறது விக்கர்ஸ் ரூம்ல, அவங்க பொம்பளை. இது மிஸ்டேக்கா?

இது மிஸ்டேக் இல்ல, படத்துலயே அழகான க்ளூ. செத்துட்டதா எல்லாரும் நம்பற கிழவர் வெய்லண்ட் அதே கப்பல்ல ஒளிஞ்சுக்கிட்டு இருக்காரு, மெஷின் அவருக்காக. சொந்தப் பொண்ணு விக்கர்ஸ் ரூம்ல வச்சிருக்காரு ஆனா பொண்ணுக்கு உதவாத மெஷின், அப்பன் எப்பேர்ப்பட்டவர்னு அதுலயே தெரிஞ்சுடுது. அந்த அவசரத்துல நமக்கு இதெல்லாம் ஓடாது, ஷா அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு பட்டனை அமுக்கி சிசேரியன்னு கேக்கறா, முடியாதுங்குது, வயித்துல ஏதோ புகுந்துடுச்சு வெட்டி எடுன்னு மாத்திக் கேக்கறா, லேசர் கோடு போடுது, இடுக்கி உள்ள போய் ஒரு சதைப்பையை இழுத்து எடுக்குது, அப்புறம் டக் டக் டக்னு ஸ்டேப்ளர் அடிக்குது. ஷாவா நடிச்ச நூமி ரபாஸ் முகத்தை விட்டு கண்ணை எடுக்க முடியாது. ஆபரேஷன் முடிஞ்ச கையோட ஓடறது தாவறதுன்னு போறா, அதுக்கு என்கிட்ட பதில் கேக்காதீங்க.

கேள்வி (பெங்களூரு): வெய்லண்டா நடிச்ச கை பியர்ஸுக்கு அப்போ 44 வயசு. எதுக்கு மாவு அப்பி கிழவனாக்கணும், ஒரு நிஜக் கிழவரைப் போட்டிருக்கலாமே?

இளவயசு வெய்லண்டா அவரைக் காட்டற யோசனை இருந்துச்சு, படத்துல வரல. படம் ரிலீஸுக்கு முன்னாடி விட்ட விளம்பர வீடியோ ஒண்ணு, 2023ல நடக்கற டெட் (TED) மேடைப் பேச்சு மாதிரி எடுத்தது, அதுல மட்டும் இளமையா வர்றாரு, அட்டகாசமான பேச்சு. படத்தை மட்டும் பாத்தவங்களுக்கு அந்த மேக்கப் காரணமே இல்லாம உறுத்தும்.

கேள்வி (சென்னை, காலேஜ் ஸ்டூடண்ட்): வேற கிரகத்துலேர்ந்து உயிர் வந்திருக்கலாம்ங்கறது சயின்ஸா, கப்ஸாவா?

ஐடியா கப்ஸா இல்ல. டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஃபிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கல் கூட சேர்ந்து 1973ல ஒரு கட்டுரையே எழுதினாரு, வேற ஒரு நாகரிகம் வேணும்னே நுண்ணுயிர்களைக் கப்பல்ல ஏத்தி பூமிக்கு அனுப்பியிருக்க வாய்ப்பிருக்கான்னு. நிரூபணம்னு ஒண்ணும் கிடையாது, யோசனை அளவுலதான் நிக்குது. ஆனா உயிருக்கான சரக்கு விண்வெளியில கிடக்குதுங்கறது உறுதி. 1969ல ஆஸ்திரேலியாவுல முர்ச்சிசன்ல விழுந்த விண்கல்லுல அமினோ அமிலங்கள் இருந்துச்சு. பென்னுங்கற சிறுகோள்லேர்ந்து நாசா 2023ல கொண்டு வந்த மண்ணுல, நம்ம உயிர்கள் புரதம் செய்யப் பயன்படுத்தற 20 அமினோ அமிலங்கள்ல 14ம், டிஎன்ஏ ஆர்என்ஏ எழுத்துக்கள் அஞ்சும் இருந்ததா 2025ல அறிவிச்சாங்க. செங்கல் கிடக்குது, வீடு யார் கட்டினதுங்கறதுதான் தெரியல.

படம் சறுக்கறது இன்னொரு இடத்துல. இன்ஜினியர் டிஎன்ஏவும் மனுஷன் டிஎன்ஏவும் அப்படியே மேட்ச்னு ஷா திரையில காட்டறா. அப்படியே மேட்ச்னா அவன் ஏன் நம்மளை விட ரெண்டடி உயரமா, ரோமமே இல்லாம, பளிங்கு மாதிரி இருக்கான்? நமக்கும் சிம்பன்சிக்குமே டிஎன்ஏ 98 சதவீதத்துக்கு மேல ஒண்ணு. அதோட ஆதியில தண்ணில கரைஞ்ச டிஎன்ஏ, பாக்டீரியா, மீன், பல்லி, எலி, குரங்குன்னு கோடிக்கணக்கான வருஷம் சுத்திட்டுக் கடைசியில திரும்ப அதே டிஎன்ஏவுக்கு வந்து நிக்கணும்னா பரிணாமம்னு ஒண்ணு நடக்கவே இல்லைன்னு ஆயிடும். மில்பர்ன் படத்துலயே கேக்கறான், இத்தனை வருஷ டார்வினைத் தூக்கிப் போடறீங்களே என்ன ஆதாரம்னு. ஷா சொல்றா, ஆதாரம் இல்ல, நான் அப்படி நம்பறேன். அந்தக் கூட்டத்துலயே உருப்படியா கேள்வி கேட்டவன் அவன்தான், அவனைத்தான் பாம்பு கிட்ட குடுத்துட்டாங்க.

தூரக்கணக்கும் கேட்டிருக்கீங்க. பூமியிலிருந்து அரை பில்லியன் மைல் தாண்டி வந்திருக்கோம்னு விக்கர்ஸ் சொல்ற வசனத்தை வானியல்காரர் நீல் டிகிராஸ் டைசன் ட்விட்டர்ல கலாய்ச்சாரு, அது வியாழனைக் கொஞ்சம் தாண்டின தூரம்தான்னு. படத்து ஆரம்பத்துல திரையிலயே 3.27 × 10^14 கிலோமீட்டர்னு எழுதிக் காட்டறாங்க, அது சுமார் 35 ஒளியாண்டு. வசனம் எழுதினவரும் டைட்டில் கார்டு எழுதினவரும் பேசிக்கல போல.

கேள்வி (புதுச்சேரி): இவ்வளவு சொல்றீங்க, அதுக்கு ஒரு ஆஸ்கர் கூட கிடைக்கலையே?

உங்க ஊர் படம்தான் தட்டிப் பறிச்சுது! விஷுவல் எஃபெக்ட்ஸ்ல மட்டும் நாமினேஷன், அந்த 2013 விழாவுல அந்த விருது 'லைஃப் ஆஃப் பை'க்குப் போச்சு. புலியைப் பாத்தவங்க யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனா ப்ரொமிதியஸ்ல என்னை அசத்தறது கம்ப்யூட்டர் வேலையை விட கையால கட்டினதுதான். லண்டன் பக்கத்துல பைன்வுட் ஸ்டூடியோல கலை இயக்குநர் ஆர்தர் மேக்ஸ் பெரிய பெரிய செட்டா போட்டாரு, நடிகர்கள் நிஜமா அந்தக் கூடத்துல, அந்தப் பிரம்மாண்டத் தலைச் சிலைக்கு முன்னாடி நிக்கறாங்க. 1979 'ஏலியன்'ல வர்ற பிராணியை உருவாக்கின ஹெச்.ஆர். கிகரையும் சுவரோவியங்களுக்காகத் திரும்பக் கூப்பிட்டாங்க. த்ரீடியும் பின்னாடி மாத்தினது கிடையாது, த்ரீடி கேமராவுலயே எடுத்தது, ஒளிப்பதிவாளர் டேரியஸ் வோல்ஸ்கி. இருட்டான படத்தை த்ரீடில எடுத்தா கண்ணாடி போட்டதும் இன்னும் இருட்டாகும், அப்படியும் ஒரு ஃப்ரேமும் மங்கல.

டேவிட் அந்தக் கப்பலோட கண்ட்ரோல் ரூமுக்குள்ள தனியா போற சீனை மறுபடி போட்டுப் பாருங்க. ஒரு புல்லாங்குழல் மாதிரி சத்தம், அறை முழுக்க நட்சத்திரங்கள் நீல வெளிச்சத்துல சுத்த ஆரம்பிக்குது, கோள்கள் மிதந்து வருது, அவன் நடுவுல நின்னு வாயைப் பொளந்து பாக்கறான், பூமி உருண்டை வந்ததும் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு சின்னப் பையன் மாதிரி சிரிக்கறான். கப்பல்ல வந்தவங்கள்ல பிரமிப்புன்னு ஒண்ணை முழுசா அனுபவிச்சது உணர்ச்சி கிடையாதுன்னு எல்லாரும் சொல்ற அந்த ரோபோ ஒருத்தன்தான். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அதை வசனமே இல்லாம பண்ணியிருப்பாரு. படம் தொடங்கினதும் எல்லாரும் தூங்கறப்போ அவன் தனியா 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' பாத்து பீட்டர் ஓ டூல் மாதிரி தலைமுடிக்கு சாயம் பூசிக்கிட்டு திரிவான் பாருங்க, அந்தத் தனிமையும் இந்த சிரிப்பும் சேர்ந்துதான் அவன் விஷம் வச்சப்புறமும் நம்மால அவனை வெறுக்க முடியல.

கேள்வி (ஈரோடு): டைரக்டருக்கே பதில் தெரியாம எடுத்திருப்பாரோன்னு சந்தேகமா இருக்கு. பதில் சொல்லாத படத்தை எல்லாம் 'ஆழமான படம்'னு சொல்றது ஃபேஷன் ஆயிடுச்சு.

ரெண்டாவது வரிக்கு என் ஓட்டு உங்களுக்கு. குழப்பினாலே ஆழம்னு ஆயிடாது.

ஆனா வரலாறு கொஞ்சம் வேற மாதிரி. குப்ரிக்கோட '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968ல வந்தப்போ முதல் காட்சியிலயே எழுந்து போனவங்க ஏராளம், ரிலீஸ் ஆன கையோட 19 நிமிஷத்தை வெட்டினாரு மனுஷன். அப்பவும் இதே புலம்பல்தான், அந்தக் கருப்புப் பலகை என்ன, கடைசியில வர்ற குழந்தை என்ன. கூட எழுதின ஆர்தர் சி. கிளார்க் கொழும்புல குடியிருந்தவர், அவர் நாவல்ல நிறைய விளக்கமா எழுதிட்டாரு, வேணுங்கறவங்க படிச்சுக்கலாம், நாவலைப் படிச்சவங்களும் படத்தைப் பத்தித்தான் இன்னும் சண்டை போடறாங்க.

ஸ்காட்டுக்குப் பதில் தெரியுமான்னா, அவர் ஆரம்பிச்சது ஒரே ஒரு கேள்வியிலேர்ந்து. 'ஏலியன்' படத்துல ஒரு பிரம்மாண்டமான பிராணி நாற்காலியில உக்காந்தபடியே கல்லாகிக் கிடக்கும் ஞாபகம் இருக்கா, அது இன்னும் பெருசா தெரியணும்னு தன்னோட பசங்களுக்கே சின்ன விண்வெளி உடை போட்டுவிட்டு பக்கத்துல நிக்க வச்சு எடுத்தாரு. அடுத்தடுத்து மூணு படம் மத்தவங்க எடுத்தாங்க, ஒருத்தரும் அந்தப் பெரிய ஆளு யாருன்னு கேக்கலையேன்னு அவருக்கு ஆச்சரியம். 74 வயசுல அவரே கேட்டாரு. அந்த ஆளு யாருங்கறதுக்குப் பதில் சொன்னாரு, அது ஒரு உடை, உள்ள இருக்கறது நம்ம சாயல்ல ஒருத்தன்னு. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துடுச்சு, அதுலேர்ந்து நாலு புதுக் கேள்வி முளைச்சுது. நேர்மையா சொன்னா, அந்தப் பதில் வந்ததுல எனக்கு நஷ்டம்தான். யாருன்னே தெரியாம நாற்காலியோட நாற்காலியா ஒட்டிக் கிடந்த அந்த எலும்புக்கூடு இந்த வெள்ளை ஆளை விட மிரட்டல்.

பதில் சொன்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2017ல வந்த 'ஏலியன்: கவனென்ட்' பாருங்க. ஷா எதைக் கேக்க அவ்வளவு தூரம் போனாளோ அதைக் கேக்கவே விடல. டேவிட் அந்த ஊரை அடைஞ்சதும் மேலேயிருந்தே கருப்புத் திரவத்தைக் கொட்டி இன்ஜினியருங்க கூட்டத்தை அழிச்சுட்டான், ஷாவையும் முடிச்சுட்டான், அவ உடம்பை மேஜையில காட்டறாங்க. பதில் வேணும் வேணும்னு கத்தினவங்களுக்கு கிடைச்சது இது. பழைய பூச்சி வந்துச்சு, பழைய பயம் வந்துச்சு, ப்ரொமிதியஸ் போட்ட 40 கோடி டாலர் வசூல் மட்டும் வரல.

கேள்வி (திருப்பூர்): எந்த ஆர்டர்ல பாக்கணும்? முதல்ல ஏலியனா, ப்ரொமிதியஸா?

ரிலீஸ் ஆன வரிசையில. 1979 படம் முதல்ல, அப்புறம் இது. ரெண்டுலயும் வர்றது ஒரே இடம்னு நினைச்சு நிறையப் பேர் குழம்பறாங்க, அங்க இறங்கறது எல்வி-426, இங்க எல்வி-223, அதனால கடைசியில அந்த ஆளு ஏன் நாற்காலியில உக்காரலன்னு கேக்க வேண்டியதில்ல. போன்ல பாக்காதீங்க, பகல்ல ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு டிவிலயும் பாக்காதீங்க, பாதி படம் கருப்பாத்தான் தெரியும். வீட்ல கர்ப்பிணிங்க இருந்தா ஷா ஆபரேஷன் சீன் வர்றதுக்கு முன்னாடி ரிமோட்டைக் கையில எடுத்து வச்சுக்கோங்க.